அறுந்த இடம் எது?

இலங்கைக்குத் தந்தி வருமுன், செய்தியை விரைந்து கொண்டு சென்றவை புறாக்களே. 1850ஆம் ஆண்டளவில் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகையார் காலியிலிருந்து கொழும்புக்குப் புறாத் தபால் ஒன்றை நடத்தத் தொடங்கினர். ஐரோப்பாவிலிருந்து வந்த தபாற் கப்பல்கள் அக்காலத்திற் காலித் துறைமுகத்திலேயே நங்கூரமிட்டன. கப்பலில் வந்த செய்திகளை மெல்லிய தாளிற் சுருக்கி எழுதிப் புறாவிற் கட்டிப் பறக்கவிடுவார்கள். ஏறக்குறைய 72 மைல் தூரத்தை அது கடந்து கொழும்புக் கூட்டை அடையும். கிரைமியப் போரின் செய்திகள் கொழும்பு வாசகருக்கு இவ்வாறே எட்டின. ஆனால் ஒரு நாள் புறா வராதொழியின் என் செய்வது? பருந்து கொண்டு போயிற்றோ, மழையில் வழி தவறிற்றோ, களுத்துறையில் ஏதேனும் கூரைமேல் அமர்ந்து இளைப்பாறுகின்றதோ, யாருக்குத் தெரியும்? காத்திருந்தவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: செய்தி வரவில்லை.

1858ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி கொழும்புக்கும் காலிக்கும் இடையே மின்தந்தி திறக்கப்பட்டது. புறாக்கள் ஓய்வு பெற்றன. அதே ஆண்டிற் கடலடிக் கம்பி வழியாக இந்தியாவோடும் தொடர்பு ஏற்பட்டது. தந்தியின் பெருமை அதன் வேகம் என்று யாவரும் கூறுவர். அது மெய்யே. ஆயினும் அதன் இன்னொரு பெருமையைப் பலர் கவனிப்பதில்லை. புறா தவறினால் அது தவறிய இடத்தைக் கண்டறிய வழியில்லை. கம்பி தவறினால், அறுந்த இடம் எது என்று கேட்கலாம், கேட்டு விடையும் பெறலாம். பழுதைத் தேடிக் கண்டுபிடித்தல் என்னும் கலை கம்பியோடு பிறந்தது. இன்று பதுளை நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் ஒரு வீட்டின் ரவுட்டர் இணையத்தைத் தொட மறுக்கும்போது, வீட்டுப் பிள்ளைகள் அதன் விளக்குகளைப் பார்த்துச் செய்யும் சோதனை, அந்தக் கலையின் நேர் வழித்தோன்றலே.

அக்காலத் தந்தி உத்தியோகத்தர் பழுதுகளை மூன்று வகையாகப் பிரித்தனர். கம்பி முற்றாக அறுந்து போதல் ஒன்று. கம்பி நிலத்தையோ ஈர மரத்தையோ தொட்டு மின்னோட்டம் மண்ணிற் கசிந்து போதல் இரண்டாவது. ஒரு கம்பி மற்றொரு கம்பியோடு உரசி இரண்டின் செய்தியும் கலந்து போதல் மூன்றாவது. இந்த மூன்றில் எது நேர்ந்தது என்பதை, கந்தோரை விட்டு ஓரடியும் எடுத்து வைக்காமல், மின்கலத்தையும் ஊசிக் கருவியையும் கொண்டே அறியலாம். ஊசி சிறிதும் அசையாவிடின் கம்பி அறுந்தது. மறு முனையை மூடாதபோதே ஊசி அசையின், இடையில் எங்கோ கசிவு.

கசிந்த இடத்தின் தூரத்தைக் கணித்தறியவும் முறை வகுத்தனர். 1833இற் சாமுவேல் கிறிஸ்ரி கண்டு, 1843இல் வீற்ஸ்ரன் உலகறியச் செய்த மின்தடைப் பாலம் இதற்குப் பெருந்துணையாயிற்று. ஒரு மைல் கம்பியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோர், கசிவு வரையுள்ள தடை 300 ஓம் என்று அளந்தறிந்தால், பழுது 30ஆம் மைலில் என்று சொல்லிவிடுவர். கசியும் இடத்தின் தடையும் கணக்கிற் புகுந்து பிழை விளைவிக்குமாதலால், பழுதற்ற இன்னொரு கம்பியையும் சேர்த்து வளையமாக்கி அளக்கும் முறை பின்னர் வந்தது. இருந்த இடத்திலிருந்தே தூரத்துப் பழுதைச் சுட்டிக்காட்டும் இவ்வித்தை அக்காலத்தவர்க்கு மாயம் போலத் தோன்றியிருக்க வேண்டும்.

பழுதைத் தேடாமல் அதனோடு மல்லுக்கட்டியவர் கதையும் அதே 1858ஆம் ஆண்டிலேயே உண்டு. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் முதலாவது தந்தி வடம் இடப்பட்டது. சமிக்ஞைகள் மிக மெல்லியனவாய் வந்தன. வில்லியம் தோம்சன் என்னும் விஞ்ஞானி, கண்ணாடி பொருத்திய நுண்ணிய ஊசியால் அந்த மெல்லிய சமிக்ஞையையே படிக்கலாம் என்றார். வடத்தின் மின்னியலாளராயிருந்த வைற்ஹவுஸ் அதற்கு இணங்காமல், ஏறக்குறைய 2000 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கனவே நலிந்திருந்த வடம் சில வாரங்களில் அடியோடு மாண்டது. கடலின் இருகரையும் கொண்டாடிய வடம் அது.

இலங்கை மலைநாட்டில் இத்தகைய கணக்குகளிலும் பெரிதும் பயன்பட்டிருக்கக்கூடியது எளிய கூறாக்கும் முறை. கொழும்பிலுள்ளவன் கண்டியை அழைக்கின்றான்; விடை வருகின்றது. நானுஓயாவை அழைக்கின்றான், விடை வருகின்றது. பண்டாரவளையை அழைக்கின்றான், மௌனம். அவ்வளவில், நானுஓயாவுக்கு இப்பாலுள்ள தூண்கள் அத்தனையும் குற்றமற்றவை என்று தீர்ப்பாயின. நானுஓயாவிலிருந்து ஒருவனும் பண்டாரவளையிலிருந்து ஒருவனுமாகக் கம்பியைப் பார்த்துக்கொண்டே எதிரெதிராக நடந்தால், பட்டிப்பொலையின் பனிமூட்டத்திலோ ஒகியவின் காற்றிலோ சாய்ந்த மரம் ஒன்று கம்பியின்மேற் கிடப்பதைக் காணலாம். நீண்ட பாதையைத் துண்டுகளாக்கு, விடை வரும் இறுதித் துண்டையும் வராத முதற்றுண்டையும் காண், அவ்விரண்டின் நடுவே தேடு. இதற்கு மேலான சூத்திரம் இன்றுவரை எவரும் கண்டிலர்.

1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகராயிற்று. புகையிரதப் பாதை மலையேறி, 1885இல் நானுஓயாவையும் 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அப்பால் உள்ள தூரம் சிறிதேயாயினும், பதுளைக்கு முதல் வண்டி வர 1924ஆம் ஆண்டு வரை முப்பது ஆண்டுகள் சென்றன. தந்தியோ புகையிரதத்தைக் காத்திராது அதற்கு முன்னரே பதுளைக்கு வந்துவிட்டது.

இப்பாதையில் ஓர் அழகிய கருவி உண்டு. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிராக வந்து மோதாதிருக்கும்பொருட்டு, ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே கம்பியால் இணைக்கப்பட்ட இரு பெட்டிகள் வைக்கப்பட்டன. பெட்டியிலிருந்து வட்டத் தகடு ஒன்றைப் பெற்றுக் கையிற் கொண்டாலன்றிச் சாரதி வண்டியைச் செலுத்தலாகாது. தெமோதரையிலுள்ள பெட்டி தகட்டைத் தரவேண்டுமாயின் அடுத்த நிலையத்தார் மின்னோட்டம் அனுப்பி இசைய வேண்டும். ஒரு தகடு வெளியே போனபின், அது மீண்டும் பெட்டிக்குள் வரும்வரை இரு பெட்டிகளும் பூட்டியே கிடக்கும். கம்பி அறுந்தால் தகடு வராது. அஃதாவது, மௌனத்தை இக்கருவி நல்ல செய்தியாகக் கொள்வதில்லை. அபாயமாகவே கொண்டு வண்டியை நிறுத்திவிடும். மௌனத்தை நலமென்று எண்ணிய மனிதருக்கு என்ன நேர்ந்தது என்பது பின்னர் வரும்.

நகரத்துக்குக் கம்பி வந்தது. தோட்டத்துக்கு? கொழும்பில் 1883ஆம் ஆண்டு யூலையிலே தொடங்கிய தேயிலை ஏலத்தின் விலைகளும் இலண்டன் சந்தையின் விலைகளும் தோட்டத் துரைமாருக்குத் தந்தியால் வந்தன. ஆனால் தபால் கந்தோரிலிருந்து துரையின் பங்களா வரையுள்ள இறுதி மைல்களைக் கடந்தது மின்சாரமன்று. தோட்டத்துத் தபாற்காரனின் கால்களே. தோற்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் இறங்கியும் ஏறியும் அவன் நடந்தான். பங்களாவுக்கும் கந்தோருக்கும் வந்தவை அங்கே போயின. லயத்திலுள்ளோர்க்கு வந்தவையும் முதலில் அதே கந்தோர் மேசைக்கே போயின.

லயக் காம்பராவுக்கு இலக்கம் இருந்ததேயன்றி, தபாற் பகுதி அறிந்த விலாசம் இருந்ததில்லை. இன்னார், இன்ன டிவிஷன், இன்ன தோட்டம், பசறை என்று எழுதுவார்கள். அது தோட்டத்தின் விலாசமேயன்றி அம்மனிதரின் விலாசமன்று. கந்தோரிற் பிரித்து, கங்காணி கையிற் கொடுத்து, பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிட்டு, அல்லது கடைசிவரை கூப்பிடாமலே விட்டு, ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. இராமநாதபுரத்திலோ திருச்சியிலோ இருந்து வந்த மரணச் செய்தி ஒரு வாரம் மேசையில் உறங்கினால், அறுந்த இடம் எது என்று யாரைக் கேட்பது? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ், 1951 ஆகத்து 5ஆந் திகதிக்குள், ஏறக்குறைய எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுள் மிகப் பல பின்னர் நிராகரிக்கப்பட்டன. அவ்விண்ணப்பங்களைப் பற்றிய அறிவித்தல்கள் வரவேண்டிய வழியும் அதே தோற்பைதான், அதே மேசைதான். கொழும்பிலிருந்து பதுளை வரை ஒரு குறையுமின்றி வந்த கடிதம், கடைசி ஒரு மைலிலே தங்கிவிட்டால், முழுப் பாதையும் அறுந்ததற்கு ஒப்பாகும்.

இவ்வாறிருக்க, 1990ஆம் ஆண்டளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோர் முயற்சியாற் பல்கலைக்கழகங்களுக்கிடையே மின்னஞ்சல் தொடங்கிற்று. 1995இற் பொதுமக்களுக்கு இணையம் விற்பனைக்கு வந்தது. முதலில் தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாகவும், பின்னர் கண்ணாடி இழை வழியாகவும், கோபுரங்களின் அலை வழியாகவும் அது மலையேறிற்று. லயங்களுக்குச் செப்புக் கம்பியும் இழையும் அருமையாகவே போயின. சிம் அட்டை செருகிய சிறு ரவுட்டரே அங்கு பெரும்பாலும் இணையத்தின் வாசல்.

ரவுட்டர் செய்வது என்ன? விந்தை என்னவெனில், அது தோட்டக் கந்தோரின் வேலையையே செய்கின்றது. வெளியுலகம் அறிந்த விலாசம் வீட்டுக்கு ஒன்றே. உள்ளே உள்ள கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் ரவுட்டர் தானே 192.168 என்று தொடங்கும் உள்விலாசங்களை வழங்கி, வெளியிலிருந்து வரும் பொதிகளைப் பிரித்து உரியவரிடம் சேர்க்கின்றது. விலாசப் பஞ்சத்தைச் சமாளிக்க 1994இல் வகுக்கப்பட்ட முறை இது. தோட்டக் கந்தோரோடு ஒப்பிடின், ரவுட்டர் ஒருவர் கடிதத்தையும் வேண்டுமென்று மேசையில் வைத்திராது என்பது அதன் சிறப்பு.

அது இயங்காதபோது தேடும் ஒழுங்கும் பழைய தந்திக்காரனின் ஒழுங்கே. முதலிற் கேட்க வேண்டியது, அறுந்தது தன் வீட்டுக்குள்ளா வெளியிலா என்பது. அடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பாதி விடை கிடைக்கும். அவர்களுக்கும் இல்லையாயின், வீட்டுக் கருவியைத் தொடாமல் விடுவதே அறிவு. அவர்களுக்கு உண்டாயின், சோதனை வாசலுக்குள் வருகின்றது. மின் விளக்கு எரிகின்றதா? செப்புக் கம்பியாயின் தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைத்தால் இரைச்சல் கேட்கின்றதா? இரைச்சலே இல்லையெனில் குற்றம் ரவுட்டரிடம் இல்லை, கம்பியிலேதான். கண்ணாடி இழையாயின், சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தோ சிமிட்டியோ ஒளி வரவில்லை என்று சொல்லிவிடும். சிம் ரவுட்டராயின், அது கோபுரத்தைக் காண்கின்றதா என்று பார்க்கவேண்டும். மலைக்கு மறுபுறம் உள்ள கோபுரத்தை அடுப்பங்கரை மூலையிலிருந்து காண அதனால் முடியாது, சன்னலோரம் வைத்தால் முடியலாம். ரீலோட் செய்த பணம் தீர்ந்திருப்பதைப் பழுதென்று எண்ணி அரைநாள் வருந்தியவர்களும் உளர்.

இவை யாவும் சரியாயிருந்தும் இணையம் இல்லையெனின், அடுத்த துண்டு கணினிக்கும் ரவுட்டருக்கும் இடைப்பட்டது. கணினியின் விலாசம் 169.254 என்று தொடங்குமாயின், ரவுட்டர் அதற்கு விலாசமே வழங்கவில்லை என்று பொருள். கணினி தானே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு பிரட்டுக் களத்தில் நிற்கின்றது. ரவுட்டர் விடை தருகின்றது, வெளியே 8.8.8.8 போன்ற இலக்கமும் விடை தருகின்றது, பெயரால் அழைத்தால் மாத்திரம் ஒன்றும் திறக்கவில்லை என்றால், பாதை சரி, பெயரேட்டிலேதான் பிழை. பெயரை இலக்கமாக மாற்றித்தரும் அந்த ஏட்டை 1983இல் வகுத்தவர் போல் மொக்கபெற்றிஸ். இலக்கத்தை அழைத்து விடை கேட்கும் 'பிங்' என்னும் சிறு நிரலை அதே ஆண்டு திசம்பரில் எழுதியவர் மைக் மியூஸ். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையையே அவர் அதற்குப் பெயராக வைத்தார். சில ஆண்டுகளின் பின், வான் ஜேக்கப்சன் எழுதிய நிரலோ வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்தையும் வரிசையாக அழைத்து விடை வாங்கிக் காட்டிற்று. கண்டி விடை தருகின்றது, நானுஓயா விடை தருகின்றது, பண்டாரவளை மௌனம். கொழும்புத் தந்திக்காரன் அதனைக் கண்டிருந்தால் உடனே விளங்கிக்கொண்டிருப்பான்.

மின்னிணைப்பைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்தல் தீங்கற்றது. பல வேளை பலனும் தரும். ஊசித்துவாரத்துள் கம்பியைச் செருகி அழுத்துதல் வேறு. அது ரவுட்டரின் ஞாபகம் முழுவதையும் அழித்துவிடும். சேவையாளர் எழுதி வைத்த பயனர் பெயரும் இரகசியச் சொல்லும் அதனோடு போய்விடும். சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும் இச்செயலிலே வைற்ஹவுஸ் இன்னும் வாழ்கின்றார். ஊவாவில் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களிலும் ஒற்றோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி முழங்கும். அவ்வேளை மின்கம்பியை மாத்திரம் பிடுங்கினாற் போதாது, தொலைபேசிக் கம்பியையும் பிடுங்குதல் வேண்டும். மின்னல் பல வேளை அந்த வழியாகவும் வருகின்றது.

வீட்டுக்குள் எத்தனை முறை தேடினாலும் அகப்படாத பழுதுகளும் உண்டு. 2004ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திற் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தை இழுத்து அறுத்தது. இலங்கையின் இணையம் பெரும்பாலும் நின்றுபோயிற்று. 2022இன் மின்வெட்டுக் காலத்தில், மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதபோது, கோபுரங்களின் மின்கலங்களும் சோர்ந்தன. 2020, 2021 ஆகிய தொற்றுநோய் ஆண்டுகளிற் பாடசாலை மூடிக்கிடக்க, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. லுணுகலைப் பக்கத்திற் காட்டு மரம் ஒன்றின்மேல், ஏறக்குறைய 30 அடி உயரத்தில் அமைந்த குடிலில் ஏறிப் பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் இறக்கிய படத்தை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அப்பிள்ளைகளின் கருவியில் ஒரு பழுதும் இல்லை. பாதை அவர்கள் வீடு வரை போடப்படவேயில்லை. இல்லாத பாதையை அறுந்த பாதை என்று சொல்லுதல் பொருந்தாது.

2014ஆம் ஆண்டு ஒற்றோபர் 29ஆந் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தின் லயங்கள்மேல் மலை சரிந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போன பிள்ளைகளிற் சிலர் திரும்பிவந்து பார்க்கையில் வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அஃதாவது செய்தி இருந்தது. அது எழுதப்பட்டு, அனுப்பவும்பட்டது. எந்த மேசைவரை வந்தது, எந்தத் துண்டில் நின்றது, பெற்றவர் எவர், பெற்றும் போக இடமின்றி நின்றவர் எவர் என்ற கேள்விகள் அதன்பின் நெடுங்காலம் கேட்கப்பட்டன. புகையிரதப் பெட்டியைப்போல, விடை வராதபோது வண்டியை நிறுத்தும் ஒரு கருவி அந்த மலைக்கும் லயத்துக்கும் இடையே இருந்ததில்லை.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வாப் புயல் இலங்கையைத் தாக்கியபோது, பதுளை மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று. மண் சரிந்து வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தன. வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்த உறவினர் அழைத்து அழைத்து விடை காணாதிருந்தனர். அவ்வாறான வேளையிற் பழுது தேடும் ஒழுங்கு தலைகீழாகின்றது. ரவுட்டருக்கு உயிர் கொடுக்கக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரமோ டீசலோ வேண்டும். அறுந்த இழையைப் பொருத்த ஆள் போகவேண்டும். ஆளும் டீசலும் போக வீதி வேண்டும். ஆதலின் முதலில் மண்ணை அள்ளுகின்றார்கள்.